ஒரு தாளும் விடுபடக் கூடாது: வரிக் கணக்கு ஆபீஸ் மேசையில் ஸ்கேன்ஸ்னாப் ஐஎக்ஸ்1600

வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன ஆபீஸில் ஸ்கேனர் பழுதாகி நின்றால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்யலாம், பக்கத்து ஆபீஸில் போய் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேனர் ஒழுங்காக ஓடிக்கொண்டே ஒரே ஒரு தாளை விட்டுவிட்டால்தான் வம்பு. வட்டிச் சான்றிதழின் பின்பக்கத்தில் இருந்த இரண்டாவது கணக்கு பதிவாகவில்லை, அசல் தாள்களை கிளையண்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டார், கணக்கும் தாக்கலாகிவிட்டது. வரித்துறையிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அப்படி ஒரு பக்கம் இருந்ததே தெரியவரும். ஆகவே இந்த விமர்சனத்துக்கு அளவுகோல் ஒன்றுதான்: கிளையண்ட் கொடுத்த தாள் கட்டில் இருந்த எல்லாத் தாளும் ஃபைலில் வந்து சேர்ந்ததா, சேராவிட்டால் அது உடனே நமக்குத் தெரிகிறதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒருவர் முதல் மூன்று பேர் வரை உட்கார்ந்து வேலை செய்யும் ஆபீஸுக்கு, தாள் கட்டைத் தானே ஒவ்வொன்றாக இழுத்து எடுக்கும் ஸ்கேனரான ஸ்கேன்ஸ்னாப் ஐஎக்ஸ்1600 நல்ல கருவி. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து, செட்டிங் எதையும் தொடாமல் வரி வேலையில் இறக்கக் கூடாது. நான்கு இடங்களில் மாற்றம் செய்தாக வேண்டும். உங்கள் வரி மென்பொருளுக்குள்ளிருந்தே 'ஸ்கேன்' பட்டனை அழுத்தி வேலை செய்கிற பழக்கம் என்றால், வாங்குவதற்கு முன், ஸ்கேனரையும் மென்பொருளையும் இணைக்கும் ட்வெயின் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

2021 ஜனவரியில் ஃபுஜிட்ஸு பெயரில் வந்த மாடல் இது. இதைத் தயாரிக்கும் பிஎஃப்யூ நிறுவனம் 2022 செப்டம்பரில் ரிக்கோவின் கைக்குப் போனது. 2023ல் ரிக்கோ பெயருக்கு மாறியது. 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தெளிவில்) நிமிடத்துக்கு 40 ஏ4 தாள், இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில் எடுப்பதால் 80 படம். தட்டில் ஒரே நேரத்தில் 50 தாள் வைக்கலாம். முன்னால் 4.3 அங்குலத் தொடுதிரை. எடை 3.4 கிலோ. மூடி வைத்தால் மேசை ஓரத்தில் ஒரு பிரெட் பாக்கெட் அளவு இடம் போதும். யூஎஸ்பி, வைஃபை இரண்டும் உண்டு.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 60 தாள் உள்ள ஒரு கிளையண்டின் கட்டு ஒன்றரை நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். அந்தக் கட்டில் ஸ்டேப்லர் பின்களைப் பிடுங்கி, மடிப்புகளை நீவி, ஒட்டுச் சீட்டுகளைக் கிழித்து, தலைகீழாக இருப்பதைத் திருப்பி அடுக்கத்தான் பத்து நிமிடம் பிடிக்கும். வேகம் நிமிடத்துக்கு 40 தாளிலிருந்து 60 தாள் ஆனாலும் நாளின் மொத்த வேலையில் பெரிய வித்தியாசம் வராது. 50 தாள் தட்டு கொஞ்சம் சிறியது என்பது உண்மை. பெரிய கட்டுக்கு 'கன்டினியூ ஸ்கேனிங்' என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டால், முதல் 50 முடிந்ததும் அடுத்ததை வைத்து ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே தாள் திணிக்காதீர்கள். கருவி இரண்டு தாளை ஒன்றாக இழுப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

இப்போது செட்டிங். கருவியோடு வரும் ஸ்கேன்ஸ்னாப் ஹோம் மென்பொருளில் ப்ரொஃபைல் (ஒரு வகை வேலைக்கான செட்டிங் தொகுப்பு) என்று இருப்பதைத் திறந்தால் எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

முதலாவது, ஆவண வகை. இது 'ஆட்டோ'வில் இருந்தால் கருவி தானாகவே இது ஆவணம், இது ரசீது, இது விசிட்டிங் கார்டு என்று பிரித்துத் தனித்தனியாக வைக்கும். வீட்டுக்கு வசதி, நமக்கு விபரீதம். ஒரே கிளையண்டின் கட்டிலிருந்து மருத்துவ ரசீதுகள் மட்டும் தனி ஃபைலாகப் பிரிந்து வேறு தேதி, வேறு பெயரோடு உட்கார்ந்திருக்கும். கட்டைத் திறந்து பார்ப்பவருக்கு ரசீதே வரவில்லை என்று தோன்றும். 'டாக்குமென்ட்ஸ்' என்று நிலையாக வைத்துவிடுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம்: வெற்றுப் பக்கங்களை நீக்கும் 'ரிமூவ் பிளாங்க் பேஜஸ்'. கடையிலிருந்து வரும்போது இது இயக்கத்தில் இருக்கும். தாளின் பின்பக்கம் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தால் கருவி அதை வெற்றுப் பக்கம் என்று முடிவு செய்து, கேட்காமலே எறிந்துவிடும். நம் வேலையில் பின்பக்கத்தில் இருப்பவை எவை? பென்சிலில் கிளையண்ட் குறித்த கூட்டல், மங்கலான ரப்பர் ஸ்டாம்ப், மூலையில் ஒரு வரிக் குறிப்பு, 'அடுத்த பக்கம் தொடர்ச்சி' என்று வந்து ஒரே ஒரு எண்ணோடு முடியும் அறிக்கை. இவை எல்லாமே போகக்கூடியவை. இதை அணைத்துவிடுங்கள்.

அணைத்தால் இன்னொரு நன்மை கிடைக்கிறது. அதற்காகவே இந்தக் கருவியை சிபாரிசு செய்யலாம். வெற்றுப் பக்க நீக்கம் இல்லாமல் இருபக்கமும் எடுத்தால், படங்களின் எண்ணிக்கை எப்போதும் தாள்களின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு. ஆகவே ஸ்கேனரில் வைக்கும் முன் கட்டை எண்ணுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் கிளையண்ட் எண், வருடம், தாள் எண்ணிக்கை மூன்றையும் தடித்த பேனாவில் எழுதி முதல் தாளாக வையுங்கள். உள்ளே 47 தாள், முகப்போடு சேர்த்து 48. ஓடி முடிந்ததும் பிடிஎஃப் 96 பக்கம் காட்ட வேண்டும். 94 காட்டினால் எங்கோ இரண்டு தாள் ஒன்றாகப் போயிருக்கிறது. கிளையண்ட் நாற்காலியில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். 96 சரியாக வந்த பிறகு வெற்றுப் பக்கங்களை நீங்களே கண்ணால் பார்த்து அழித்துக்கொள்ளுங்கள். 60 தாள் கட்டுக்கு இதெல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் கூடுதல். கடைசி வாரத்தில் இந்த மூன்று நிமிடத்தைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். தாள் விடுபடுவதும் அந்த வாரத்தில்தான்.

மூன்றாவது, நிறம். தானாக நிறம் கண்டறியும் அமைப்பு, கறுப்பு எழுத்து மட்டும் உள்ள தாள் என்று நினைத்தால் அதைச் சுத்தக் கறுப்பு வெள்ளையாக எடுத்துவிடும். அதில் சாம்பல் நிறத்துக்கே இடமில்லை. ஒரு புள்ளி கறுப்பு, இல்லையேல் வெள்ளை. மங்கலான கையெழுத்தும், கார்பன் நகலும், வெளிர் நீல முத்திரையும் அங்கேயே காணாமல் போகும். எல்லாவற்றையும் கலரிலோ கிரேயிலோ எடுங்கள். ஃபைல் பெரிதாகும் என்ற பயம் வேண்டாம். 300 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளி, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் புள்ளி. அமுக்காமல் வைத்தால் கலரில் 26 எம்பி வரும். ஆனால் பிடிஎஃப்புக்குள் அமுக்கப்பட்ட பிறகு சாதாரண எழுத்துப் பக்கம் சில நூறு கேபியில் அடங்கிவிடும்.

நான்காவது, தெளிவு. 'நார்மல்' என்பது கலரில் 150 டிபிஐ, 'பெட்டர்' 200, 'பெஸ்ட்' 300. பெஸ்டில் வையுங்கள்; இந்த மாடலில் பெஸ்ட் வரைக்கும் வேகம் குறைவதில்லை. பங்குத் தரகர் அறிக்கைகளின் அடிக்குறிப்பு 6 பாயின்ட் எழுத்தில் இருக்கும். அந்த அளவில் ஒரு இலக்கத்தின் உயரம் 150 டிபிஐயில் வெறும் 9 புள்ளி, 200ல் 12, 300ல் 17. ஒன்பது புள்ளியில் 3, 8 இரண்டையும் பிரித்துச் சொல்வது கண்ணுக்கே கஷ்டம். 'எக்ஸலன்ட்' 600 டிபிஐ. வேகம் நிமிடத்துக்கு 10 தாளாக இறங்கிவிடும், நமக்குத் தேவையும் இல்லை.

இரட்டை இழுப்பைக் கண்டுபிடிக்க இதில் அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கிறது. தாளின் ஒரு பக்கம் ஒலி எழுப்பி மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும். இரண்டு தாள் ஒன்றாகப் போனால் நடுவில் இருக்கும் காற்று ஒலியைத் தடுத்துவிடும். உடனே கருவி நிற்கும். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இதே காரணத்தால், வெள்ளைத் தாளில் ரசீதுகளை ஒட்டிக் கொண்டுவரும் கிளையண்டுகளின் கட்டில் பத்து தாளுக்கு ஒருமுறை நின்றுகொண்டே இருக்கும். ஒட்டிய ரசீதும் அதற்கு இரண்டு தாள்தான். எரிச்சலில் சென்சாரையே அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. 'ஒட்டிய ரசீது' என்று தனியாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்கி, அதில் மட்டும் இரட்டை இழுப்புச் சோதனையை நீளத்தை வைத்துப் பார்க்கும்படி மாற்றுங்கள். எல்லாமே ஒரே அளவுத் தாளில் ஒட்டப்பட்டிருந்தால் அது சரியாகப் பிடித்துவிடும். பொது ப்ரொஃபைலில் சென்சார் எப்போதும் இயக்கத்தில் இருக்கட்டும்.

கருவி நின்ற பிறகு என்ன செய்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. மூடியைத் திறந்து தாளை எடுத்ததும், அது ஏற்கெனவே பதிவானதா இல்லையா என்ற குழப்பம் வரும். திரையில் கடைசியாகப் பதிவான படம் எது என்று பார்த்து, அதற்கு அடுத்த தாளிலிருந்து தொடருங்கள். ஊகித்து வைத்தால் ஒரு தாள் இரண்டு முறை வரும். அல்லது வரவே வராது. இங்கும் அந்த இரு மடங்குக் கணக்குதான் காப்பாற்றும்.

ரோல் ரசீதுகள் தனி ரகம். கடை பில், எரிபொருள் பில் போன்றவை பெரும்பாலும் வெப்பத்தாள். மை கிடையாது, தாளில் பூசிய வேதிப்பொருள் சூடு பட்டுக் கறுப்பாகிறது. வெயில், சூடு, பிளாஸ்டிக் உறை, செலோடேப்பின் பசை எல்லாம் அந்தக் கறுப்பை மங்க வைக்கும். ஆகவே கட்டில் மற்ற தாள்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், ரசீதுகளை வந்த அன்றே எடுத்துவிட வேண்டும். எழுத்தின் மேல் டேப் ஒட்டிக் கொண்டுவர வேண்டாம் என்று கிளையண்டுகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏற்கெனவே மங்கியதைக் கலரில் எடுத்து, பிறகு கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பார்த்தால் பல நேரம் எண் மேலே வரும். கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் அந்த வாய்ப்பே கிடையாது. சின்ன ரசீதுகள் கோணலாக இழுபடாமல் இருக்க ரசீது கைடு என்ற துணைப்பாகம் உண்டு. கிழிந்த தாளுக்கு கேரியர் ஷீட் என்ற பிளாஸ்டிக் உறை. கிழிசலை டேப்பால் ஒட்டி உள்ளே விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தாள் நகர்ந்து போகும் எல்லா ஸ்கேனருக்கும் உள்ள வியாதி இதற்கும் உண்டு: கோடு. தாளைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும் மேசை ஸ்கேனரில் தூசி இருந்தால் படத்தில் ஒரு புள்ளி விழும். இதில் தாள் அந்தத் தூசியைக் கடந்து நகர்வதால் அதே தூசி மேலிருந்து கீழ் வரை நீண்ட கோடாகிவிடும். எண்கள் நிறைந்த பத்தியின் ஓரத்தில் அந்தக் கோடு விழுந்தால் ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் ஒரு 1 நிற்பது போலத் தெரியும். இது பயமுறுத்தல் இல்லை. மெல்லிய கறுப்புக் கோடும் 1 என்ற இலக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். தினமும் காலையில் மூடியைத் திறந்து, மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு கண்ணாடிப் பட்டையையும் பஞ்சுத்தூசி உதிராத துணியால் துடையுங்கள். பிசுக்கு இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு மூடுங்கள். ஒட்டுச் சீட்டின் பசை, காயாத ஒயிட்னர், ஈரமான பேனா மை மூன்றும்தான் பெரும்பாலான கோடுகளுக்குக் காரணம். ஸ்டேப்லர் பின் உள்ளே போனால் கண்ணாடி கீறிவிடும். துடைத்தால் போகாத கோடு அதுதான்.

தாளை இழுக்கும் ரோலரையும், கூடவே இரண்டாவது தாள் வராமல் தடுக்கும் ரோலரையும் இரண்டு லட்சம் தாளுக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். 300 கிளையண்ட், ஆளுக்கு 60 தாள் என்றாலும் வருடத்துக்கு 18,000 தாள்தான். இரண்டு லட்சத்தை நாம் தொடப் போவதே இல்லை. அதனால் எண்ணிக்கையைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ரப்பர் ஓடாமல் இருந்தாலும் காய்ந்து இறுகும். சீசன் முடிந்து பல மாதம் மூடிக் கிடந்த கருவி, அடுத்த சீசன் முதல் நாளில் தாளை இழுக்காமல் வழுக்கினால் அதற்கு இதுதான் காரணம். ரோலரை ஆல்கஹால் துணியால் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும். சீசன் தொடங்கும் முன் ஒரு செட் ரோலர் வாங்கி அலமாரியில் வைத்திருங்கள். நடுவில் தேடினால் கிடைக்காது. மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது, ஸ்க்ரூடிரைவரும் தேவையில்லை. மாற்றியதும் தாள்களை எண்ணும் ரோலர் கவுண்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

அடுத்தது ட்வெயின். ஸ்கேனரும் மென்பொருளும் பேசிக்கொள்ள 1992ல் உருவான பொது ஏற்பாடு அது. வரி மென்பொருளிலும் ஆவண மேலாண்மை மென்பொருளிலும் உள்ள 'ஸ்கேன்' பட்டன் பெரும்பாலும் கணினியில் ட்வெயின் டிரைவர் இருக்கிறதா என்றுதான் தேடும். ஐஎக்ஸ்1600 தன்னுடைய ஸ்கேன்ஸ்னாப் ஹோமை நம்பி வடிவமைக்கப்பட்டது. சந்தைக்கு வந்தபோது ட்வெயின் இல்லாமல்தான் வந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியவர்களின் ஏமாற்றம் நியாயமானது. வாங்கும் முன் உங்கள் மென்பொருளை ஒரு மடிக்கணினியில் எடுத்துப்போய், கருவியை இணைத்து, அந்தப் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் இரண்டு வழி. ஸ்கேன் எல்லாம் ஒரே ஃபோல்டரில் போய் விழும்படி வைத்து, மென்பொருளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் செய்யலாம். அல்லது அதே நிறுவனத்தின் எஃப்ஐ வரிசைக்குப் போகலாம். அதில் எஃப்ஐ-8170 ட்வெயின் டிரைவரோடு வருகிறது. நிமிடத்துக்கு 70 தாள், தட்டில் 100 தாள், பாஸ்புக், பாஸ்போர்ட் போன்ற புத்தகத்தைக்கூட விட முடியும். விலையும் அதற்கேற்ற உயரம். நாலைந்து பேர் ஒரே ஸ்கேனரைப் பங்கிடும் ஆபீஸுக்கு அதுதான் பொருத்தம்.

எழுத்துணரும் ஓசிஆர் வசதி இதோடு வருகிறது, பிடிஎஃப்புக்குள் தேட உதவுகிறது. தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஓசிஆர் தந்த எண்ணை அப்படியே வெட்டிக் கணக்கில் ஒட்டுவது கூடாது. 5ஐ எஸ் என்றும், 0வை ஓ என்றும் படித்தால் பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். 8ஐ 3 என்று படித்தால் எந்தச் சந்தேகமும் எழாது. தசமப் புள்ளியைத் தவறவிட்டால் தொகை நூறு மடங்காகிவிடும்.

ஃபைல் பெயரைக் கருவியே வைத்துக்கொடுக்கும் வசதி வேண்டாம். தாளில் கண்ட ஏதோ ஒரு தேதியையும் ஏதோ ஒரு நிறுவனப் பெயரையும் எடுத்து வைக்கும். வங்கியின் பெயரில் முப்பது கிளையண்டின் ஃபைல்கள் குவிந்துவிடும். கிளையண்ட் எண், வருடம், ஆவண வகை என்ற வரிசையில் நீங்களே பெயர் வையுங்கள். தொடுதிரையில் கிளையண்டுக்கு ஒரு ஐகான் வைக்கும் யோசனையும் நல்லதில்லை. அவசரத்தில் விரல் பக்கத்து ஐகானில் பட்டால் ஒருவருடைய சம்பளச் சான்றிதழ் இன்னொருவருடைய ஃபோல்டரில் போய் உட்காரும். அது விடுபட்டதைவிட மோசம். எல்லாம் 'வரவு' என்ற ஒரே ஃபோல்டரில் விழட்டும், முகப்புத் தாளைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். கிளவுடுக்கு நேராக அனுப்பும் ஐகான்களைத் திரையிலிருந்தே நீக்கிவிடுங்கள். மற்றவர்களின் வருமான விவரம் எங்கே போகிறது என்பது நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வைஃபையைவிட யூஎஸ்பி கம்பியே மேல். பாதிக் கட்டில் இணைப்பு அறுந்தால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தைத்த பத்திரம், பிரிக்க முடியாத புத்தகம், நொறுங்கும் பழைய தாள் இவற்றுக்கு இது ஆகாது. பழைய மேசை ஸ்கேனர் இருந்தால் விற்றுவிடாமல் ஓரமாக வைத்திருங்கள்.

பழைய ஐஎக்ஸ்1600 கைமாறி வருகிறது என்றால், முதலில் ரோலர் கவுண்டரைத் திறந்து பாருங்கள். பிறகு சுத்தமான வெள்ளைத் தாள் பத்தை எண்ணி வைத்து, வெற்றுப் பக்க நீக்கத்தை அணைத்து, கலரில் 300 டிபிஐயில் ஓட்டுங்கள். 20 பக்கம் வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு இருந்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அதே இடத்தில் அதே கோடு திரும்ப நின்றால் அது கீறல், வாங்க வேண்டாம்.